வயேஹோ மாடல் கலர்: மாதிரிக் கப்பலின் மாலுமி உருவங்களுக்குப் பொருந்துமா?

மரத்தில் மாதிரிக் கப்பல் கட்டுபவர்கள் பலர் கையாளும் அக்ரிலிக் பெயின்ட், ஸ்பெயினின் வயேஹோ மாடல் கலர். 1:64 அளவில் (அசலில் 64இல் ஒரு பங்கு) ஒரு மாலுமி உருவத்தின் உயரம் சுமார் 26 மில்லிமீட்டர், 1:48இல் 35. இந்த அளவு உருவங்களைத் தூரிகையால் தீட்ட இது அருமையான பெயின்ட். ஆனால் உருவம் உலோக வார்ப்பாக இருந்து, வெறும் உலோகத்தில் பூசினால் நகம் பட்டாலே உரிந்துவிடும். எனவே அடிப்பூச்சிலிருந்தே (ப்ரைமர்) தொடங்க வேண்டும்.

அதே நிறுவனத்தின் நீர் ப்ரைமரை ஒயிட் மெட்டல் (வெள்ளீயக் கலப்பு உலோகம்) உருவங்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பாலியூரித்தேன் சேர்ந்தது என்பதால் நன்றாக இறுக ஒரு நாளாவது ஆகும். அதன் பிறகும் உப்புத்தாள் போட்டால் தேயாமல் தோலாகக் கிழியும். ஜப்பானிய நிறுவனமான தாமியாவின் சாம்பல் ஸ்ப்ரே ப்ரைமர் போன்ற லாக்கர் வகை (தண்ணீருக்குப் பதில் கரைப்பான் கொண்டது) உலோகத்தை இறுகப் பிடிக்கும். ப்ரைமர் அடிக்கும் முன் அச்சுக் கோட்டையும் பிசிறையும் சிறு அரத்தால் நீக்கி, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். வினிகரில் ஊறவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டாம். பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கும், அசெட்டிக் அமிலம் அதை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். ஓக் மரத்தில் செய்த காட்சிப் பெட்டிக்குள்ளும் இதே அமில ஆவிதான் தேங்குகிறது. அதனால் உருவத்தின் பாதத்துக்கு அடியிலும் ப்ரைமர் படவேண்டும். பாதத்தில் 1 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் கம்பியை சூப்பர் குளூவால் ஒட்டி, கார்க்கில் குத்தி நிறுத்தினால் எல்லாப் பக்கமும் அடிக்கலாம். பின்னால் அதே கம்பி மேல்தளத்தில் உருவத்தை நிறுத்தவும் உதவும். ஈயத் தூள் பட்ட கையைக் கழுவ மறக்காதீர்கள்.

இனி பெயின்ட். குப்பியின் அடியில் நிறமி படிந்துவிடும், மேலே தெளிந்து நிற்பதைச் சொட்டினால் பளபளப்பாகவும் பிசுபிசுப்பாகவும் காயும். துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றை உள்ளே போட்டுக் குலுக்குவது நல்லது. மூக்கு அடைத்தால் குண்டூசியால் குத்துங்கள், அழுத்திப் பிதுக்காதீர்கள். ஒரு சொட்டுக்கு ஒரு சொட்டு தண்ணீர் சேர்த்து, மெல்லிய இரண்டு பூச்சு போதும். கெட்டியாகப் பூசினால் பொத்தானும் விரலும் மறைந்துபோகும்.

1805 டிரஃபால்கர் கடற்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரி போன்றதற்கு, அதிகாரியின் கோட்டுக்கு டார்க் பிரஷ்யன் ப்ளூ (70.899) கச்சிதம். மரீன்களின் (கப்பலில் இருக்கும் படைவீரர்கள்) கோட்டுக்கு ஃப்ளாட் ரெட் (70.957). வெள்ளைக் கால்சட்டைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், ஐவரி (70.918) போதும். சிறிய உருவத்தில் சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் பொம்மைத்தனமாகத் தெரியும். முகத்துக்கு ஃப்ளாட் ஃப்ளெஷ் (70.955). கண்ணில் வெள்ளை வைக்காதீர்கள், விழித்த பேய் மாதிரி இருக்கும். ஜெர்மன் கேமோ பிளாக் பிரௌனில் (70.822) மெல்லிய கோடு ஒன்று போதும்; காலணிக்கும் அதுவே.

பலர் சறுக்குவது சீருடையில்தான். பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகளுக்கு 1748இல் சீருடை வந்தது, சாதாரண மாலுமிகளுக்கு 1857இல்தான். ஆகவே டிரஃபால்கர் மாலுமிகளை ஒரே மாதிரித் தீட்டுவது தவறு. நீலச் சட்டை, கட்டம் போட்டது, டெக் டேன் (70.986) நிறக் கித்தான் கால்சட்டை என்று கலந்து கொடுங்கள். தோள்பட்டைத் தங்கக் குஞ்சம் 1795இல் அறிமுகமானது; 1805இல் லெஃப்டினன்ட்டுகளுக்கு அது கிடையாது.

இந்த வரிசையின் பலவீனம் தங்க நிறம்: துகள் தெரியும், மறைப்பும் குறைவு. 1:64இல் காவி மஞ்சளின் மேல் வெளிர் மஞ்சள் புள்ளி வைத்தாலே தங்கமாகத் தெரிகிறது. அதே நிறுவனத்தின், ஆல்கஹாலில் கரையும் லிக்விட் கோல்ட் ஜொலிக்கும்தான், ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும், தூரிகையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில்தான் கழுவ வேண்டும்.

முடிவில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் கட்டாயம். இல்லையென்றால் கையாளும்போது மூக்கும் தொப்பி விளிம்பும் முதலில் தேய்ந்து உலோகம் எட்டிப்பார்க்கும். பெரிய பெட்டித் தொகுப்பு வாங்கத் தேவையில்லை. மேலே எண் குறிப்பிட்ட ஆறு குப்பிகளோடு காவி மஞ்சளும் வெளிர் மஞ்சளும் இருந்தால் ஒரு கப்பலின் ஆட்கள் முழுவதையும் தீட்டிவிடலாம்.