ரெயின் கார்டன் போட்டோம்: வேலை நல்லா இருக்கு, சர்வீஸ் சுமார் தான்

எங்க அபார்ட்மென்ட் சென்னை கே.கே.நகர் பக்கம், களிமண்ணு, மழை பெஞ்சா கார் பார்க்கிங்ல தேங்குற தண்ணி ஆயிலோட சேர்ந்து அப்படியே ரோட்டுக்கு போயிரும். 2003ல கவர்மென்ட் மழைநீர் சேகரிப்ப கட்டாயமாக்குனப்போ பேருக்கு ஒரு குழி தோண்டி ஜல்லி கொட்டினாங்க, அது தூர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. அசோசியேஷன்ல ஒரு வழியா சண்டை போட்டு முடிச்சு, ரெயின் கார்டன் (மழை தண்ணிய வாங்கி மண்ணு வழியா வடிகட்டி கீழ எறக்குற பள்ளமான தோட்டம்) போட ஒரு கான்ட்ராக்டர புடிச்சோம், பேரு வேணாம்.

வேலைய குறை சொல்ல முடியாது. மொட்டை மாடி தண்ணி தனி பைப்ல பில்டர் வழியா சம்புக்கு, பார்க்கிங் தண்ணி மட்டும் தோட்டத்துக்குன்னு மொதல்லயே பிரிச்சிட்டாங்க. காம்பவுண்ட் ஓரமா அரை அடி பள்ளம், இருந்த மண்ண அள்ளிட்டு மணலும் கம்போஸ்ட்டும் கலந்து போட்டு கல்வாழை, வெட்டிவேர் நட்டாங்க, டயர் தூசி ஆயில் பிசுக்கு எல்லாம் முக்கால்வாசி அந்த மண்ணுலயே தங்கிடும். அத தாண்டி வர்றது சில்ட் பிட் (சேறு தங்குற சின்ன தொட்டி) வழியா உறை கிணத்துக்கு போகுது. கிணத்த களிமண்ண தாண்டி மணல் வர்ற வரைக்கும் எறக்குனாங்க, நிறைய பேர் பாதியிலயே நிறுத்திட்டு பில் போடுவாங்க, அப்புறம் தண்ணி எறங்கவே எறங்காது. இப்போ மழை விட்டா மறுநாளைக்குள்ள பள்ளம் காஞ்சிடுது, அதனால கொசு தொல்லையும் இல்ல.

கடுப்பான விஷயம் என்னன்னா, தண்ணி உள்ள வர்ற வாய தரைய விட ஒரு இன்ச் மேல வச்சிட்டாங்க!! மொத மழைல தண்ணி தோட்டத்த சுத்திக்கிட்டு வழக்கம்போல கேட் வழியா வெளிய போச்சு. போன் மேல போன் போட்ட அப்புறம் வந்து உடைச்சு சரி பண்ணாங்க.

இன்னொன்னு, கான்ட்ராக்டர் டிடிஎஸ் மீட்டர காட்டி "கொறஞ்சிருச்சு சார், இனி போர் தண்ணிய தாராளமா குடிக்கலாம்"னாரு. அது கரைஞ்ச உப்பத்தான் காட்டும் சாமி, கிருமியோ பெட்ரோலோ அதுல தெரியாது, லேப் டெஸ்ட் இல்லாம யாரும் வாயில வைக்காதீங்க. சோப்பு போட்டு காரை தோட்டத்து பக்கம் கழுவுற நம்ம டிரைவர் அண்ணன்களுக்கு தனியா போர்டு வைக்க வேண்டியதாயிடுச்சு.

ஏஎம்சிக்கு (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்) பணம் வாங்கிட்டாங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி சில்ட் பிட் அள்ள ஆளே வரல, கடைசில வாட்ச்மேன் தான் அள்ளுனாரு.

அஞ்சுக்கு மூணரை. இவங்கள கூப்பிடுங்க, ஆனா கிணத்து ஆழமும் தரை லெவலும் கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க, ஏஎம்சி மட்டும் போடாதீங்க. அதுக்கும் முன்னாடி மழைநீர் சேகரிப்ப விளக்குற மந்தவெளி ரெயின் சென்டர்ல போய் மாடல பாத்துட்டு வந்தா என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.