2.8 கே.வி.ஏ. ஜெனரேட்டர்: கரையோர வீட்டுக்குப் போதுமா?

‘எத்தனை ரூம் வீடு?’ என்று மட்டும் கேட்டு ஜெனரேட்டர் அளவு சொல்லும் கடையில் வாங்காதீர்கள். அளவைத் தீர்மானிப்பது தண்ணி மோட்டார், அதற்கடுத்து ஏ.சி. ஃபேனும் லைட்டும் கணக்கில் பெரிதாக வராது.

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணி உப்பு. லாரியிலோ குழாயிலோ வருகிற நல்ல தண்ணி தரைத்தொட்டியில் விழும். அதை மேலே ஏற்றத் தரையில் வைக்கும் அரை ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார் போதும். இப்படிப்பட்ட வீட்டுக்கு 2.8 கே.வி.ஏ. (அதாவது 2,800 வி.ஏ.) பெட்ரோல் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், அதாவது லோடுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சீரான கரண்ட் தரும் வகை, கச்சிதம்.

கணக்கைப் பாருங்கள். நாலு ஃபேன் 300 வாட், எட்டு எல்.இ.டி. பல்பு 72, ஃபிரிட்ஜ் 150, டி.வி. 100, வீட்டு யு.பி.எஸ். பேட்டரி சார்ஜ் ஏற 250. எல்லாம் சேர்த்து 900 வாட்டுக்குள்தான். அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 600 வாட் இழுக்கும், ஆனால் கிளம்பும் அந்த ஓரிரு நொடி 2,000 வி.ஏ.வைத் தாண்டும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டாரைப் போட்டால் ஓவர்லோடு விளக்கு எரிந்து சப்ளை நின்றுவிடும். மோட்டாரை முதலில் போட்டு, மற்றதைப் பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினால் தாராளமாக ஓடும். 1 டன் இன்வெர்ட்டர் ஏ.சி.கூட ஓடும், மோட்டார் நின்ற பிறகு. போருக்குள் இறக்கும் 1 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் இருந்தால் இது ஆகாது, 5 கே.வி.ஏ.தான்.

ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘மேக்ஸிமம்’ சில நிமிடத்துக்கான அளவு. ‘ரேட்டட்’ எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஏற்றக்கூடாது. பயந்துபோய் 7.5 கே.வி.ஏ. டீசல் வாங்கி, ராத்திரி ரெண்டு ஃபேனுக்கு ஓட்டுவது வீண். லோடு குறைந்தால் டீசல் சரியாக எரியாமல் சைலென்சரில் கரி படியும்.

வோல்டேஜை மட்டும் சீராக்கும் சாதாரண ஏ.வி.ஆர். வகை ஜெனரேட்டர் விலை குறைவு. ஆனால் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3,000 ஆர்.பி.எம்.மில் கத்தும். அதன் கரண்டைச் சில யு.பி.எஸ். ஏற்காமல் பேட்டரியிலேயே நிற்கும். அந்த யு.பி.எஸ்.ஸின் பின்பக்க ஸ்விட்சை யு.பி.எஸ். மோடிலிருந்து நார்மல் மோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் வகையில் இந்தத் தொல்லை அரிது. பாதி லோடில் மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் சொச்சம் குடிக்கும்.

இங்கே மெஷினைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, சும்மா நிற்பதுதான். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் கடல் காற்றின் ஈரத்தை இழுக்கும். நாலைந்து மாதம் நின்றால் கார்புரேட்டர் ஜெட் அடைத்து, புயல் அன்றைக்குப் பார்த்துக் கயிறு இழுத்துக் கை ஓய்ந்துபோகும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருக்கிற எரிபொருள் தீர்ந்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். மாதம் ஒருமுறை லோடோடு 15 நிமிடம் ஓட்டுங்கள். உப்புக்காத்தில் பேட்டரி டெர்மினலில் பச்சை பூக்கும், வாஸ்லின் தடவி வையுங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று துரு ஏறும்.

கரண்ட் அதிகம் போவது வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில். அதனால் வீட்டுக்குத் தென்மேற்கே, ஜன்னலை விட்டு 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். போர்டிகோவில் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சாக்கெட்டில் ஒயர் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கே உலை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.