எனாமல் டயலும் மதுரை வெயிலும்: பல ஆண்டு கட்டிப் பார்த்த அனுபவம்

விலை உயர்ந்த கடிகாரத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது எனக்குப் பிடிக்காது. எனாமல் டயல் வைத்தவை என்னிடம் மூன்று. மூன்றும் புழக்கத்தில் இருப்பவை. தாத்தாவின் சாவி கொடுக்கும் பாக்கெட் கடிகாரம், ஜப்பானின் சீக்கோ நிறுவனத்தின் பிரசாஜ் வரிசையில் ஒன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செய்யப்படும் அனார்டேன் ஒன்று. விலையைக் கேட்டுத் திகைக்கும் நண்பர்களிடம் நான் எடுத்துக் காட்டுவது தாத்தாவின் கடிகாரத்தைத்தான். மூடியில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. முட்களில் துரு ஏறியிருக்கிறது. டயலின் வெண்மை மட்டும் துளியும் மங்கவில்லை. எழுபதுகளில் அப்பா வாங்கிய கைக்கடிகாரத்தின் வர்ணம் பூசிய டயலோ பழுப்பேறி, ஓரங்களில் புள்ளி விழுந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே பீரோவில் இருந்தவை. எனாமலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கட்சி.

எனாமல் என்பது கண்ணாடிதான். நிறத்துக்காக உலோக ஆக்சைடுகள் சேர்த்த கண்ணாடியை மாவாக அரைத்து, செம்பு, வெள்ளி அல்லது தங்கத் தகட்டின் மேல் சீராகப் பரப்பி, 800 டிகிரி செல்சியசை ஒட்டிய உலைச் சூட்டில் வைத்தால் உருகித் தகட்டோடு ஒன்றாகிவிடும். ஒரு தடவை போதாது. பூச்சு மேல் பூச்சாகப் பல தடவை சுட வேண்டும். ஒவ்வொரு சூட்டிலும் விரிசல் விழலாம், குமிழி வரலாம், தூசு சிக்கலாம். கடைசிச் சூட்டில் கெட்டாலும் அதுவரை செய்த வேலை முழுவதும் வீண். ஆறும்போது கண்ணாடியும் உலோகமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. தகடு வளைந்துவிடாமல் இருக்கப் பின்பக்கமும் எனாமல் பூசுகிறார்கள். நீலம் கோபால்ட்டில் கிடைக்கிறது. சிவப்புதான் கைக்கு அடங்காத நிறம்.

தெற்காவணி மூல வீதியில் எங்கள் குடும்பத்துக்கு நகைப் பட்டறை உண்டு. நெருப்பு ஒரு கணம் கூடினால் என்ன ஆகும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்த எங்கள் ஆசாரி, அனார்டேன் டயலை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்குக் கேட்கிற கூலி நியாயம்தான், தம்பி" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

சீக்கோவுக்கு எனாமல் புதிதல்ல. 1913-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட லாரல், ஜப்பானில் செய்யப்பட்ட முதல் கைக்கடிகாரம்; அதற்கும் எனாமல் டயல்தான். பிரசாஜின் எனாமல் டயல்களுக்குப் பின்னால் இருப்பவர் மிட்சுரு யோகோசாவா என்ற கைவினைஞர். என்னுடையதில் ரோமன் எண்கள், நீல முட்கள், மூன்று மணி இடத்தில் தேதி. கல் பார்க்கும் லென்ஸை அந்தத் தேதிக் கட்டத்தின் ஓரத்தில் வைத்தால், கூர்மையான வெட்டு எதுவும் தெரியாது; உருகிய எனாமல் வழுவழுவென்று வளைந்து உள்ளே இறங்குவது தெரியும். ஏழாம் எண்ணுக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி இருக்கிறது. அச்சடித்த டயலாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். இதில் அது உலையின் கையெழுத்து, எனக்குப் பிடித்த இடம். நிறமும் பளீர் வெள்ளை கிடையாது. காய்ச்சி ஆறிய பாலின் வெண்மை.

உள்ளே ஓடும் 6ஆர்15 இயந்திரம் 50 மணி நேரம் தாங்கும். சனி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு நாளில் 25 வினாடி முந்தலாம், 15 வினாடி பிந்தலாம் என்பது நிறுவனமே சொல்லும் கணக்கு. என்னுடையது முந்துகிறது. இவ்வளவு அழகான டயலுக்குக் கீழே இன்னும் துல்லியமான இயந்திரத்தை வைத்திருக்க வேண்டும். அனார்டேனுக்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

கத்திரி வெயில் டயலை ஒன்றும் செய்வதில்லை. அடி வாங்குவது தோல் பட்டைதான். வியர்வை உப்பு பூத்து, ஒரு கோடைக்குள் நாற்றம் எடுத்துவிடும். பங்குனி பிறந்ததும் துணிப் பட்டைக்கு மாறிவிடுகிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மட்டும் எதையும் கட்டுவதில்லை. பீய்ச்சும் தண்ணீரை பிரசாஜ் தாங்கும். ஆனால் நெரிசலில் நழுவிக் கல்லில் விழுந்தால் கண்ணாடி டயலில் விரிசல் விழுந்துவிடும்.

உண்மையான ஆபத்து பழுது பார்க்கும் மேசையில்தான். தாத்தாவின் கடிகாரத்தை எண்ணெய் போடக் கொடுத்த ஓர் இடத்தில், டயலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கால்களைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தாமலே நெம்பித் தூக்கியிருக்கிறார்கள். நடுத் துளையிலிருந்து நான்காம் எண் வரை மயிரிழை விரிசல். நேரே பார்த்தால் தெரியாது, சாய்த்தால் தெரியும். அழுக்கு இறங்க இறங்கக் கோடு கறுக்கும். எண்களோடு முடிந்த டயலைத் திரும்ப உலையில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போது கடிகாரத்தைக் கொடுக்கும் முன், எனாமல் டயலைக் கழற்றிய அனுபவம் உண்டா என்று நேருக்கு நேர் கேட்டுவிடுகிறேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சுட்டதா, சுடாததா? பிசினில் நிறம் கலந்து ஊற்றி உலரவைத்ததையும் எனாமல் என்றே விற்கிறார்கள். அது பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் நான் மேலே சொன்ன ஆயுளை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. பழைய கடிகாரம் என்றால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி டயலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விரிசலும், பிசின் வைத்து ஒட்டிய இடமும் அதில் தெரிந்துவிடும். அந்தப் படத்தைத் தர மறுப்பவரிடம் நான் விலை பேசுவதே இல்லை.