ஒரு வெள்ளிக் கட்டணக் கிளினிக்: எங்கள் டவுன் அரசாங்கக் கிளினிக் எப்படி?

அம்மாவுக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் வந்து பதினோரு வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் மருந்து வாங்குவது ஒரே இடத்தில்தான். மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுற்றிலும் செம்பனைக் காடாக இருக்கும் எங்கள் சின்ன டவுனின் அரசாங்கக் கிளினிக். போன வாரமும் கூட்டிக்கொண்டு போனேன், எனக்கும் இருமல் விடாமல் இருந்ததால் நானும் ஒரு நம்பர் எடுத்துக்கொண்டேன்.

காலை ஏழே காலுக்கே வாசலில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மோட்டாரில் வந்தவர்கள். எட்டு மணிக்குக் கவுண்டர் திறந்தது. எனக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), டாக்டர் பார்ப்பதும் மருந்தும் அதற்குள்ளேயே. அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டதால் அந்த ஒரு வெள்ளியும் கிடையாது. இதே இருமலுக்குப் போன வருடம் தனியார் கிளினிக்கில் அறுபது வெள்ளிக்கு மேல் கொடுத்தேன்.

இனி நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது. இனிப்பு நீர்ப் பிரிவில் இருக்கும் மலாய் மிஸ்ஸி (நர்ஸ்) ரத்த அழுத்தம் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்ததோடு அனுப்பிவிடவில்லை. அம்மாவின் செருப்பைத் தானே கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் புண் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "அம்மா, ராசா தாக்?" (தெரிகிறதா?) என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். இடது பெருவிரலுக்குக் கீழே தொட்டபோது அம்மா பதில் சொல்லவில்லை. அதை உடனே புத்தகத்தில் எழுதி, டாக்டரிடமும் எடுத்துச் சொன்னார். முப்பது வருடம் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய கால் அது. அந்த உணர்ச்சி குறைந்தது எங்கள் யாருக்கும் தெரியாது, அம்மாவும் சொன்னதில்லை. அம்மாவின் மெட்ஃபோர்மின், அம்லோடிபின் மாத்திரைகள் இந்தக் கிளினிக்கில் இல்லை என்று ஒரு நாளும் எங்களைத் திருப்பி அனுப்பியது கிடையாது.

குறை என்றால் காத்திருப்பதுதான். வீட்டுக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. நான்கு டாக்டர் அறையில் இரண்டில்தான் விளக்கு எரிந்தது. உட்கார நாற்காலி போதவில்லை, வயதான ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள், பின்பக்கக் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "சும்மா குடுக்கிறாங்கப்பா, குறை சொல்லாதே தம்பி" என்றார். அவரை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை, ஆனால் இதை எழுதுவதே அந்த வார்த்தைக்காகத்தான்.

சும்மா இல்லை, அண்ணன். நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். வருமான வரி கட்டும் அளவுக்குத் தோட்டத்துச் சம்பளம் இல்லாததால், நாம் வரியே கட்டுவதில்லை என்று நம் ஆட்களில் பல பேர் நினைக்கிறார்கள். ஆனால் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். விற்பனை வரி சாமான் விலையோடு கலந்து வருவதால் ரசீதில் தெரியாது. சிகரெட்டிலும் பீரிலும் கலால் வரி இருக்கிறது. 2018 செப்டம்பரில் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) போய் எஸ்எஸ்டி (விற்பனை வரியும் சேவை வரியும்) திரும்ப வந்தது, 2024 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளுக்கு வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. அதற்கு மேல் தோட்டக் கம்பெனி கட்டும் 24 விழுக்காடு வருமான வரி, செம்பனை எண்ணெய் விலை ஒரு வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய 3 விழுக்காடு கூடுதல் லாப வரி. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. அன்றிலிருந்து குலை வெட்டியவரும் பழம் பொறுக்கியவரும் இல்லாமல் இந்த வரியில் ஒரு காசு வந்திருக்குமா?

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதும் ரகசியம் இல்லை. 2025 வரவு செலவுத் திட்டம் 421 பில்லியன் ரிங்கிட், அதில் சுகாதார அமைச்சுக்கு ஏறக்குறைய 45.3 பில்லியன். மொத்தத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள், நடைமுறைச் செலவு 335 பில்லியன், மேம்பாட்டுச் செலவு 86 பில்லியன். மிஸ்ஸியின் சம்பளமும் அம்மாவின் மாத்திரையும் முதல் பங்கில் வருபவை, புதுக் கட்டடம் இரண்டாவது பங்கில். அதனால்தான் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கும் அதே இடத்தில் புது பிளாக் என்று கேட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எது எந்தப் பங்கில் வருகிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும்.

வாசலில் தேங்கும் தண்ணீர் அப்படித்தான். மழை பெய்தால் கிளினிக் முன்னால் கணுக்கால் வரை நிற்கும், காலில் புண் உள்ள இனிப்பு நீர் நோயாளிகள் அதில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். முதலில் கவுண்டரில் புகார் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். கிளினிக் கூட்டரசுப் பணத்தில் நடப்பது. முன்னால் போகும் ரோடு மாநிலத்துடையது, அதற்கு அரசமைப்பின் 109ஆவது பிரிவுப்படி கூட்டரசு வருடா வருடம் மானியம் கொடுக்கிறது. ஓரத்துச் சாக்கடை ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு, நாம் பிப்ரவரிக்குள்ளும் ஆகஸ்டுக்குள்ளும் கட்டும் வீட்டு வரியில் நடப்பது. (லயத்து வீட்டில் இருப்பவர் பெயருக்கு அந்த பில் வராது, தோட்டத்து உள் ரோடு பழுதானால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.) ஒரே வாசலில் மூன்று பேர் காசு. மன்றத்தில் இதே சாக்கடைக்கு இரண்டு வருடத்தில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று, ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அந்த நான்கும் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு. குறைத்த ஒன்று நாற்காலிக்கும் கூரைக்கும். சாக்கடைக்கு இவர்கள் மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. பழைய மருந்துப் புத்தகத்தையும் அடையாளக் கார்டையும் மறக்காதீர்கள். இனிப்பு நீர் இருந்தால் காலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து. அதற்கு முன்னால் வீட்டு வரி கட்டும் நாள் வருகிறது, மூன்று புகார் நகலையும் பில்லோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.