ஹைபிரிட் காருக்குக் 'குளிர்கால மைலேஜ் பேக்கேஜ்' போடப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

அந்தப் பேக்கேஜை எனக்கு விற்ற கடையிலிருந்து நேற்று சாயங்காலம் கடைசி பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். என் அரை மாதச் சம்பளம் போனது போனதுதான். கோபம் ஆறியபிறகு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. குளிரில் ஹைபிரிட் வண்டியின் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்தது) மைலேஜை எப்படிக் கூட்டுவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வெயில் காலத்தில் என் வண்டி லிட்டருக்கு 23 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்தது. குளிர் ஆரம்பித்து, காலையில் பூஜ்யத்துக்குக் கீழே போக ஆரம்பித்ததும் 16-க்கு இறங்கிவிட்டது. அலுவலகம் வெறும் 6 கி.மீ. சிக்னலில் நின்றால்கூட இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹைபிரிட் வாங்கியதே சிக்னலில் இன்ஜின் அணைவதற்குத்தானே? பேட்டரி போய்விட்டதோ என்று வயிற்றைப் பிசைந்தது. ராத்திரி உட்கார்ந்து தேடியதில்தான் இவர்கள் மாட்டினார்கள். இல்லை, நான் மாட்டினேன். ஹைபிரிட் வண்டிகளுக்கு மட்டும் உதிரிப்பொருள் விற்கிற ஓர் ஆன்லைன் கடை. பொருத்திக் கொடுக்க அவர்களோடு சேர்ந்த ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் சொல்லப்போவதில்லை, இதே மாதிரிக் கடைகள் நிறைய இருக்கின்றன.

நான் விழுந்த இடம் இதுதான். போனில் பேசியவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "ஹீட்டர் போட்டதும் இன்ஜின் நிற்காம ஓடுதா சார்?" அடடா, வண்டியைப் பார்க்காமலே சொல்கிறாரே என்று அப்படியே உருகிவிட்டேன். "காலையில முதல் பத்து நிமிஷம்தானே ரொம்ப மோசம்?" என்று அடுத்ததைப் போட்டார். அதற்கும் ஆமாம். டாக்டரிடம் போனால் நாடி பிடித்தவுடனே நோயைச் சொன்ன மாதிரி இருந்தது.

இப்போது தெரிகிறது, குளிரில் ஓடுகிற கிட்டத்தட்ட எந்த ஹைபிரிட் காரைப் பற்றியும் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கலாம், பதில் ஆமாம் என்றுதான் வரும். பெரும்பாலான ஹைபிரிட்களில் ஹீட்டருக்கு வெப்பம் இன்ஜினைக் குளிர்விக்க ஓடுகிற திரவமான கூலன்ட்டிலிருந்துதான் வருகிறது. கூலன்ட் சூடாக இருக்க இன்ஜின் ஓடவேண்டும். புகைபோக்கியில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடானால்தான் வேலை செய்யும், அதற்கும் இன்ஜின் ஓடவேண்டும். குளிர்ந்த பேட்டரி பிரேக் பிடிக்கும்போது வருகிற மின்சாரத்தை முழுதாக வாங்கிக்கொள்ளாது. அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது: 25 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 7 டிகிரியில், நகருக்குள் ஓட்டும்போது, சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15% குறைகிறது, ஹைபிரிட்டில் 30 முதல் 34% வரை. 23-லிருந்து 16 என்பது அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. என் வண்டிக்கு நோயே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து விற்றிருக்கிறார்கள்.

பேக்கேஜில் மூன்று அயிட்டம். டாஷ்போர்டுக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் வண்டியின் கோளாறைப் படிக்கிற இடம்) செருகுகிற 'ஸ்மார்ட் சிப்', முன்பக்க கிரில்லை மூடுகிற கவர், அப்புறம் 'பேட்டரி பேலன்ஸிங்', அதாவது பேட்டரியின் செல்களைச் சமப்படுத்துவது. மொத்தம் அரை மாதச் சம்பளம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மணி நேரம் நின்றது. முடிந்ததும் அங்கிருந்த பையனே என்னை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினான். டிரிப் மீட்டரை என் கண் முன்னாலேயே ஜீரோ செய்தான். "இன்ஜின் சத்தம் கேக்கணும் சார்" என்று ஹீட்டரை அணைத்தான். ஒரு சுற்று சுற்றி வந்தோம். திரையில் 22.8. நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. ஏற்கெனவே சூடான இன்ஜின், ஹீட்டர் கிடையாது, ஜீரோவிலிருந்து கணக்கு. இப்படி ஓட்டினால் சிப் இல்லாமலும் அதுதான் வரும்.

மறுநாள் காலை 16. அதற்கடுத்த நாள் 15.7.

போன் செய்தேன். "சிப் உங்க டிரைவிங்கைக் கத்துக்கணும் சார், 500 கி.மீ. ஓடட்டும்." சரி, ஓட்டினேன். 16. "குளிர்ல கத்துக்க லேட் ஆகும், 1000 கி.மீ. ஆகட்டும்." அதையும் ஓட்டினேன். பிறகு ஒரு பெண் பேசினார், "ஆக்சிலரேட்டரை மெதுவா மிதிங்க" என்றார். மெதுவாக மிதித்தாலே மைலேஜ் வருமென்றால் சிப் எதற்கம்மா என்று கேட்டேன். லைன் கட். பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் பில்லின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். 14 நாளுக்குள் கேட்டால்தான் திருப்பித் தருவார்களாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார் என்று இழுத்தடித்ததன் கணக்கு அப்போதுதான் புரிந்தது. தினம் 12 கி.மீ. ஓட்டுகிறவன் 14 நாளில் ஆயிரத்தைத் தொடவே முடியாது. நான் வாரக்கடைசியில் சும்மா சுற்றியும்கூட ஒரு மாதம் ஆனது.

கோபத்தில் சிப்பைத் திறந்துவிட்டேன். அந்தச் சாக்கெட்டில் 16 'பின்', அதாவது 16 உலோக முனைகள். காரின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றால் என் வண்டியில் 6-ம் 14-ம் பின்கள் வழியாகத்தான் பேசவேண்டும். உள்ளே அந்த இரண்டும் எங்கேயும் போகவில்லை. 16-ம் பின்னில் வருகிற மின்சாரம் நேராக மூன்று குட்டி எல்ஈடிக்குப் போகிறது, மினுக்குவதற்கு. அதுதான் என் டிரைவிங்கைக் கற்றுக்கொண்டிருந்ததாம்!

பேட்டரி பேலன்ஸிங் கதை இன்னும் அழகு. என் வண்டியில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டின் மேல் நான் போட்டிருந்த குடை, விட்ட இடத்தில், அதே கோணத்தில் கிடந்தது. சீட்டையே தூக்காமல் எதைப் பேலன்ஸ் செய்தார்கள்?

கிரில் கவரைப் பற்றி மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். அது மோசடி இல்லை. குளிரில் கிரில்லைப் பாதி மறைத்தால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும், பலர் செய்கிறார்கள். ஆனால் இவர்கள் மேலும் கீழும் முழுதாக அடைத்துவிட்டார்கள். ஹைபிரிட்டில் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வெர்ட்டருக்குத் தனியாகக் கூலன்ட் ஓடுகிறது, அதற்கும் முன்பக்கக் காற்று வேண்டும். கொஞ்சம் வெயில் அடித்த ஒரு மதியம், நெடுஞ்சாலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி, விரல் விறைக்க நானே கவரைப் பிடுங்கி எறிந்தேன். அதையும் புகாரில் எழுதினேன். "தவறான பயன்பாடு" என்று பதில்.

எல்லாவற்றையும் விட எரிச்சலானது இது. கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை, குனிந்து டயரைப் பார்த்தார். காற்றழுத்தம் 36 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய இடத்தில் 29. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ போகும், வெயில் காலத்தில் அடித்த காற்றோடு இதுவரை ஓட்டியிருக்கிறேன். காற்று அடித்ததற்கு அவர் காசே வாங்கவில்லை. அரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள் வண்டியை இரண்டு மணி நேரம் வைத்திருந்தும் டயரைத் தொடவில்லை.

டிப்ஸ் சொல்கிறேன் என்றேன் இல்லையா, எழுதுகிற பொறுமை போய்விட்டது. குளிர் தொடங்கியதும் டயர் காற்றைப் பாருங்கள், வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது. ஹீட்டரை இரண்டு டிகிரி குறைத்துக்கொண்டு, சீட் ஹீட்டர் இருந்தால் அதைப் போடுங்கள். நாலு சின்ன வேலையை ஒரே பயணமாகச் சேர்த்து முடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் இன்ஜினை முதலிலிருந்து சூடாக்கவேண்டாம். கிரில்லை மறைப்பதென்றால் கூலன்ட் சூட்டைக் காட்டுகிற ரீடர் இருந்தால் மட்டும், அதுவும் பாதிதான். ஓபிடியில் செருகி மைலேஜ் கூட்டுகிறேன் என்று எவன் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன 100-க்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டியது ஒன்றுகூட இல்லை. இதை நான் பணம் கட்டியபிறகு படித்தேன். திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று பில்லின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். டெமோ ஓட்டிக் காட்டினால், மறுநாள் காலை இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது, ஹீட்டர் போட்டு, உங்கள் வழியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

காற்று அடித்தபிறகு வண்டி 17 கொடுக்கிறது. சிப்பின் மூன்று விளக்கும் இன்னும் நன்றாகவே எரிகின்றன.