சயனோடைப் கிட்: பொடிக்காக வாங்கலாம், காகிதத்தை நம்ப வேண்டாம்

வெயிலில் நீலநிறப் படம் அச்சிடும் முறை சயனோடைப். இணையத்தில் விற்கும் சயனோடைப் கிட் ஒன்றைத் தஞ்சாவூரில் வைத்து, சித்திரை வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்புரை இது. விற்பவர் பெயரைச் சொல்லவில்லை. இதே சாமான்களை இதே வடிவில் பலரும் விற்கிறார்கள். குறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெட்டிக்குள் இருப்பவை: 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, 100 மில்லி பழுப்புக் குப்பிகள் இரண்டு, ஸ்பாஞ்சுப் பிரஷ் ஒன்று, ஏ5 அளவில் பத்துத் தாள்கள், ஒரு அக்ரிலிக் தகடு, நான்கு கிளிப், மாதிரி நெகட்டிவ் ஒன்று, ஒரே பக்கத்தில் ஆங்கிலக் குறிப்பு.

முறை எளிது. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தது. பழைய பொறியியல் வரைபடங்களின் ப்ளூபிரிண்டும் இதுவேதான். இரண்டு கரைசலையும் சம அளவு கலந்து காகிதத்தில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே நெகட்டிவை அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக மாறி, ஃபெரிசயனைடோடு சேர்ந்து கரையாத நீல நிறமியாகக் காகிதத்தில் பிடித்துக்கொள்ளும். ஒளி படாத இடத்து மருந்து தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். இருட்டறை வேண்டாம், மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் பூச்சு வேலையைத் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் பொடிகள். இந்தப் பெட்டியில் பணம் கொடுத்ததற்கு நியாயம் செய்வது இவை மட்டும்தான். சிட்ரேட் பச்சை வகை. பழுப்பு வகையைவிட ஒளிக்கு வேகமாக மாறும். ஃபெரிசயனைடு செக்கச் சிவந்த படிகம், நீலத் தூசு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக 100 மில்லி தண்ணீரில் கரைக்க வேண்டும். குறிப்பில் "தண்ணீர்" என்று மட்டும்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் லிட்டர் பாட்டிலாகவே கிடைக்கும், அதுதான் சரி. வாங்கும்போது ஆசிட் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிடாமல் லேபிளைப் பாருங்கள்.

மருந்து கெட்டிருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். இரண்டிலும் ஐந்தைந்து சொட்டு வெள்ளைப் பீங்கான் தட்டில் கலந்து, இருட்டில் பத்து நிமிடம் வையுங்கள். பசுமஞ்சளாகவே இருந்தால் நல்லது. நீலம் ஓடினால் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது. அதில் பூசினால் வெள்ளையாக வர வேண்டிய வானம் எவ்வளவு கழுவினாலும் வெளிர்நீலமாகவே நிற்கும்.

கணக்குப் போட்டால் ஒரு விசித்திரம் தெரியும். 8×10 அங்குலப் படத்துக்குக் கண்ணாடிக் குச்சியால் பூசினால் 2 மில்லி கலவை தாராளம். 200 மில்லியில் அப்படி நூறு படம் போடலாம். ஏ5 தாளுக்கு 1 மில்லி போதும் என்பதால் இருநூறு வரும். ஆனால் பெட்டியில் இருக்கும் தாள் பத்து. கூடவே தரும் ஸ்பாஞ்சுப் பிரஷ் ஒரு முக்கலுக்கே இரண்டு மூன்று மில்லியைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. அதை ஒதுக்கிவிட்டு லேப் சாமான் கடையில் விற்கும் கண்ணாடிக் குச்சியை வாங்குங்கள், ஒரு ஜாண் நீளம் இருக்கட்டும். தாளின் மேல் விளிம்பில் மருந்தை ஒரு கோடாக ஊற்றி, குச்சியால் கீழே இழுத்து, மீண்டும் மேலே கொண்டுபோய், மூன்று நான்கு தடவை இழுத்தால் சீராகப் படியும். பிரஷ்தான் வசதி என்றால் இரும்புப் பூண் இல்லாததாகப் பாருங்கள். பூணின் இரும்பு மருந்தில் பட்டால் படமெங்கும் கடுகு கடுகாக நீலப் புள்ளி விழும்.

தாள் பெரிய ஏமாற்றம். தடிமனாக, அழகாக இருக்கிறது. ஆனால் அதில் சுண்ணக்கல் தூள் கலந்திருக்கிறது. தாள் பழுப்பேறாமல் இருக்கத் தயாரிப்பாளர்கள் இப்படிச் செய்வது வழக்கம். எழுதுவதற்கும் ஓவியத்துக்கும் நல்லது, சயனோடைப்புக்குப் பகை. ஒரு ஓரத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்துவது போன்ற லென்ஸால் பார்த்தால் ஊசிமுனைக் குமிழ்கள் எழும்புவது தெரியும். இந்தத் தாளில் எடுத்த பத்துப் படமும் சாம்பல் கலந்த சோகை நீலமாகத்தான் வந்தன. கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சல்ஃபாமிக் அமிலம் கரைத்து, குமிழ் அடங்கும்வரை தாளை ஊறவைத்து, நன்றாக அலசிக் காயப்போட்டுப் பயன்படுத்தலாம். கையுறை கட்டாயம். புதிதாக வாங்குவதென்றால் ஹானமூலே பிளாட்டினம் ராக், ஆர்ஷ் பிளாட்டீன் ஆகிய இரண்டும் இந்த வகைப் படங்களுக்கென்றே சுண்ணம் சேர்க்காமல் செய்யப்படுபவை. விலை கையைக் கடிக்கும். பழகும் வரை மேலே சொன்ன அமிலக் குளியல் போட்ட உள்ளூர் பருத்தித் தாளே போதும்.

அக்ரிலிக் தகட்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. புற ஊதாவைத் தடுக்கும் வகையோ என்னவோ, சாதாரண 4 மி.மீ. கண்ணாடியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் கேட்டது. அதோடு நடு வெயிலில் வில்லாக வளைந்து, நெகட்டிவும் தாளும் நடுவில் விலகி, படம் மங்கிவிடுகிறது. ஃபிரேம் போடும் கடையில் ஓரம் தேய்த்த கண்ணாடி ஒன்றும், அதே அளவில் பிளைவுட் பலகையும், இரண்டுக்கும் நடுவே வைக்க ஃபோம் ஷீட் ஒரு துண்டும் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

இது நெகட்டிவ் அளவுக்கே படம் தரும் முறை. 1858-இல் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம்பிடித்தபோதும் பெரிய காகித நெகட்டிவ்களை இப்படித்தான் தாளோடு தாளாக அழுத்திப் படியெடுத்தார்கள். விமானத்து அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு அவர் செய்த படம் இன்றும் வியப்பு. நமக்கு நெகட்டிவ் எடுக்க இன்க்ஜெட் பிரிண்டரும், ஒளி ஊடுருவும் ஓஎச்பி பிளாஸ்டிக் ஷீட்டும் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் லேசரில் எடுத்தால் கறுப்பு போதாமல் வெளிச்சம் கசியும். அப்படியானால் ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி ஒட்டுங்கள்.

வெயில் பற்றிக் குறிப்பில் "10 முதல் 30 நிமிடம்" என்றிருக்கிறது. நம் ஊருக்கு இது பொருந்தாது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் டெல்டாவில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது 7, 8 நிமிடத்திலேயே வேலை முடிந்துவிடும். மார்கழியில் அதே நண்பகலுக்கு ஒன்றரை மடங்கு, மேகம் கவிந்த நாளில் அரைமணிக்கும் மேல். கடிகாரத்தைவிட நிறத்தைப் பாருங்கள். பசுமஞ்சள் முதலில் நீலமாகும், பிறகு அடர்த்தியான இடங்கள் மட்டும் நீலம் தாண்டி, வெண்கலப் பாத்திரத்தில் களிம்பு ஏறினாற்போல் சாம்பல் பூக்கும். அந்தப் பூப்பு வந்தபின் எடுத்தால்தான் கழுவியதும் நீலம் நிற்கும். நீலமாக இருக்கும்போதே ஆசைப்பட்டு எடுத்தால் தொட்டியில் பாதி கரைந்துவிடும்.

இனி தண்ணீர். குறிப்பில் இதற்கு ஒரே வரி: "ஓடும் நீரில் 5 நிமிடம் கழுவவும்". டெல்டாவில் இந்தக் கிட்டை வாங்கியவர்கள் படம் வரவில்லை என்று சொன்னால், பத்தில் எட்டுக்குக் காரணம் இந்த ஒரு வரிதான் என்பது எங்கள் கருத்து.

சயனோடைப் நீலம் அமிலத்தில் அசையாது, காரத்தில் கரையும். கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், காரத்தன்மையும் அதிகம். அந்தத் தண்ணீரில் படத்தைப் போட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். முதல் நிமிடம் மஞ்சள் கரைந்து வெளியேறும், படம் பளிச்சென்று தெரியும். மூன்றாவது நிமிடம் வானத்தில் இருந்த மெல்லிய மேகம் காணாமல் போகும். பிறகு முகத்தின் கன்னத்து நிழல். பத்து நிமிடத்தில் அடர்நீலம் மட்டும் மிஞ்சி, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் துருநிறச் சாயை படிந்திருக்கும். அது இரும்பு ஹைட்ராக்சைடு, பிறகு அதைப் போக்குவது கடினம். இரவு முழுக்க வாளியில் விட்டுவிட்டால் காலையில் வைக்கோல் நிறத் தாள் மட்டும்தான் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 2 கிராம், ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி, கரைத்து முதல் தொட்டியாக வையுங்கள். மீன்தொட்டிக்கு விற்கும் பிஎச் தாளில் பார்த்து, 5-க்கு மேலேயே நின்றால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். அதில் 3 நிமிடம், லேசாகத் தொட்டியை ஆட்டியபடி. இரண்டாவது தொட்டியும் அப்படியே. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். ஆர்ஓ தண்ணீர் பெரும்பாலும் லேசான அமிலத்தன்மையுடன் இருப்பதால் நீலத்தைத் தொடாது. வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். புளித்தண்ணீர் போடலாமே என்பவர்கள் உண்டு. அமிலம் சரிதான், ஆனால் புளியின் சாயம் தாளில் ஏறிவிடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று குறிப்பில் இல்லவே இல்லை. ஃபெரிசயனைடைச் சமையலறை அமிலங்களோடு சேர்ப்பதில் ஆபத்தில்லை. கழிப்பறை ஆசிட் போன்ற கடும் அமிலத்தோடு சேர்ந்தால், அதிலும் சூடு இருந்தால், ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சுவாயு வரும். மீந்த மருந்தைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு மேலே ஆசிட் போட்டுத் தேய்க்கும் பழக்கம் வீடுகளில் சாதாரணம் என்பதால் இதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் வேறு தொல்லை. சிட்ரேட் பொடி ஈரத்தை இழுக்கும்; ஜிப் பை போதாது, திறந்த வாரமே பாகாகிவிடும். பெட்டி வந்த அன்றே மொத்தத்தையும் கரைத்து வைப்பதே நல்லது. கரைசலில் சில வாரத்தில் பூஞ்சை மிதக்கும். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கிடைக்கும் தைமாலில் அரிசியளவு ஒரு படிகம் போட்டுவைத்தால் வராது. வந்துவிட்டால் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிப் பயன்படுத்தலாம், மருந்து கெட்டுவிடாது. பூசிய தாள் தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து இருபுறமும் காட்டுங்கள். ஈரத்தாளின் மேல் நெகட்டிவை வைத்தால் நெகட்டிவும் போச்சு, படமும் போச்சு.

நீலம் அலுத்தவர்களுக்கு நம் மண்ணிலேயே வழி இருக்கிறது. லிட்டருக்கு 5 கிராம் சலவை சோடாவில் படத்தைப் போட்டு, நீலம் ஊதாவாகி வெளிறத் தொடங்கியதும், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள், எடுத்து அலசுங்கள். 20 கிராம் கடுக்காய்ப் பொடியை ஒரு லிட்டரில் கொதிக்கவைத்துத் துணியில் வடித்து ஆறவைத்த சாற்றில் அரைமணி போடுங்கள். கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரித் துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுக்கிறார்களே, அதே வேதியியல்தான். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கறுக்கின்றன. கிட்டோடு வரும் குறிப்பு டீத்தூள் போடச் சொல்கிறது. கடுக்காய் அதைவிட அடர்த்தியான கறுப்பு தருகிறது. தாளின் வெள்ளை மட்டும் சந்தன நிறமாக மாறும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மீந்த மருந்தைப் பருத்தித் துணியில் பூசலாம். கோடித் துணியின் கஞ்சி முழுதாகப் போக வெந்நீரில் துவைத்து அலசிய பிறகு பூசுங்கள். தாளைவிட இரண்டு மடங்கு மருந்து குடிக்கும். படம் வந்த துணியைச் சோப்புத் தூளில் போட்டுவிடாதீர்கள், அதன் காரம் ஒரே துவையலில் நீலத்தைத் தின்றுவிடும். பட்டுக்குச் செய்வதுபோல் பூந்திக்கொட்டை நுரையில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.