710 முத்திரை மரைன் பிளையில் வள்ளம் கட்டினேன்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆசாரி இல்லை. நாகர்கோவிலில் ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மணக்குடி காயலில் தூண்டில். பன்னிரண்டரை அடியில் சொந்தமாக ஒரு சின்ன பிளைவுட் வள்ளம் கட்டி, பழைய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினை மாட்ட வேண்டும் என்று ஆசை. கார் ஷெட்டில் ஏழு மாதம் பிடித்தது, கார் அத்தனை நாளும் மழையில் நின்றது. அதற்கு வாங்கிய சாமான்களில் எது காசுக்குத் தகுந்தது, எது இல்லை என்பதுதான் இது.

பிளையில் இருந்து ஆரம்பிக்கிறேன். கடையில் 'மரைன்' என்று கேட்டால் வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை போட்டதையும் எடுத்து நீட்டுவார்கள். அது அடுக்களை அலமாரிக்குச் சரி, வள்ளத்துக்கு ஐ.எஸ். 710 தான் வேண்டும். பினாலிக் பசையில் ஒட்டியது, 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் அடுக்கு விடக்கூடாது என்பது அதன் கணக்கு. நம்பிக்கை இல்லாமல் ஒரு துண்டை வெட்டி வீட்டில் இருந்த பழைய அலுமினியச் சட்டியில் போட்டு மூன்று நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் கொதிக்க விட்டேன். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்தது, வீடு முழுக்க மரக்கடை வாசம், ஆனால் பசை அசையவே இல்லை. அந்த விஷயத்தில் முழு மார்க்.

சிக்கல் பசையில் இல்லை, உள்ளே. முட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஆசாரி முன்னமே சொன்னார், "முத்திரையைப் பாக்காதீங்க சாரே, ஓரத்தைப் பாருங்க" என்று. நான் ஓரத்தையும் பார்த்தேன், 6 மில்லியில் ஐந்து அடுக்கு, சரியாகத்தான் இருந்தது. எட்டடி ஷீட்டைப் பன்னிரண்டரை அடியாக்க இரண்டின் முனைகளைச் சரிவாக இழைத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும், கனத்தைப் போல எட்டு மடங்கு சரிவு, அதாவது 48 மில்லி. இழைக்கும்போது அடுக்குகள் ஒவ்வொன்றும் கரைவேட்டிக் கரை மாதிரி வரிவரியாகத் தெரியும், கரை நேராக ஓடினால் இழைப்பு மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது ஷீட்டில் ஒரு கரை பாதியிலேயே காணாமல் போய்விட்டது. பார்த்தால் நடு அடுக்கில் இரண்டு துண்டுக்கு இடையே ஹாக்ஸா பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி, உள்ளே ஒரு சாண் ஓடியிருந்தது. அணியத்துப் பக்கம், அதாவது முன்முனையில், வளைக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும், தண்ணீர் புகுந்தால் அதன் வழியாகத்தான் நடக்கும். கடைக்காரரிடம் கொண்டுபோனேன், வெட்டின சரக்கை எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார். கடைசியில் ஊசிக்குழாயில் எபாக்ஸி பசை ஏற்றி அடைத்தேன். நீங்கள் வாங்கும்போது ஷீட் முழுவதும் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், உள்ளே இடைவெளி இருக்கும் இடத்தில் சத்தம் பொள்ளென்று மாறும். கடையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இன்னொரு குறை எடை. நான் வாங்கியதில் ஒரு ஷீட் 13 கிலோ வந்தது. வெளிநாட்டில் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் ஒக்கூமே என்ற லேசான மரத்தில் வருவது அதே 6 மில்லி 9 கிலோ பக்கம்தான். சின்ன எஞ்சினுக்கு நாலு ஷீட்டில் 16 கிலோ வித்தியாசம் என்றால் அது சும்மா இல்லை, ஆனால் அதை இறக்குமதி செய்கிற விலைக்கு இன்னொரு எஞ்சினே வாங்கலாம்.

இதெல்லாம் நம் கரைக்குப் புதுசும் இல்லை. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பெரிய மரம் கிடைக்காமல் போனதால் 1980களிலேயே முட்டம் பக்கம் பிளைவுட் வள்ளம் வந்துவிட்டது. பலகைகளை ஓரத்தில் துளைபோட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, இடுக்கில் பசை நிரப்புகிற முறை. ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு நானும் அப்படித்தான் தைத்தேன், காலையில் தரையில் தட்டையாகக் கிடந்தது சாயங்காலம் வள்ளமாக நின்றது. ஏழு மாதத்தில் அந்த ஒரு நாள் போதும்.

அடுத்து பிசின். பாலியெஸ்டர் மலிவு, எபாக்ஸி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இங்கே மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பாலியெஸ்டர் ஃபைபர் படகுக்கு நல்லது, மரத்தில் அதன் பிடி குறைவு, ஒன்றிரண்டு மழைக்காலம் போனால் உரிந்து வரும், உரிந்த இடத்துக்குள் தண்ணீர் நின்று பிளை அழுகும். தவிர அதை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் வெடிக்கும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம்.

நான் எடுத்த எபாக்ஸி அரால்டைட் எல்ஒய் 556, கூட அதை இறுக வைக்கும் எச்ஒய் 951 ஹார்டனர். எடைக்கு எடை பத்துக்கு ஒன்று. கண் மதிப்பு ஆகாது, சமையல் தராசு கட்டாயம். ஒட்டினால் ஒட்டினதுதான், சோதனைக்கு ஒட்டிய துண்டைச் சுத்தியலால் அடித்தபோது பசை விடவில்லை, மரம்தான் பிளந்தது. ஆனால் நம் வெயிலுக்கு இது கொஞ்சம் முசுடு. ஒருநாள் பதினொரு மணி வெயிலில் அரைக் கிலோவை ஒரே பிளாஸ்டிக் மக்கில் கலக்கிவிட்டு போன் பேசிக்கொண்டு இருந்துவிட்டேன், திரும்பினால் மக்கு புகைகிறது, அடி உருகி தரையோடு ஒட்டிக்கிடக்கிறது. தப்பு என்னுடையதுதான். அப்புறம் விடியற்காலை ஐந்து மணிக்கு, நூறு நூறு கிராமாக, அகலமான தட்டில் கலந்தேன். மழை ஈரத்தில் காய்ந்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட்டு போட்டால் நிற்காது. பிளைமேல் பிசினோடு ஒட்டும் கண்ணாடி இழையில் துணியாக நெய்ததையே வாங்குங்கள், இழைத் துண்டுகளாக வரும் 'மேட்' என்பது பாலியெஸ்டருக்கு உரியது.

மற்றவை சீக்கிரம். திருகாணி 316 ஸ்டெயின்லெஸ், 304 உப்புக்காற்றில் பழுப்பேறும், காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பில்லில் எழுதி வாங்குங்கள். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு 12 மில்லி மூன்றை ஒட்டி 36 ஆக்கினேன், அசைவே இல்லை. பெயிண்ட் எதுவானாலும் சரி.

மொத்தத்தில் பிளைக்கு ஐந்தில் மூன்று, எபாக்ஸிக்கு நாலரை. திரும்பக் கட்டினாலும் இதே இரண்டையும்தான் வாங்குவேன், கடை மட்டும் வேறு. இறக்கி ஒரு மழைக்காலம் ஆயிற்று, பின்பலகை வடிகால் துளைப் பக்கம் மட்டும் லேசாகக் கசிகிறது. பிளை வேகவைத்த சட்டியை என் மனைவி மறுபடி அடுப்பில் ஏற்றவிடவில்லை, அதனால் இப்போது அதை வைத்துத்தான் தண்ணீர் இறைக்கிறேன்.